ஒரு கோடிக்குச் சற்று மேல்: பழைய கல்லார்டோவா, ஆர்8-ஆ, 911-ஆ? சென்னையில் வைத்து ஓட்ட என்ன செலவாகும்?

கீழ்ப்பாக்கம்வாசி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். அன்றாடப் பயன்பாட்டுக்கு வீட்டில் ஏற்கெனவே ஒரு கார் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை போய்வரவும், எப்போதாவது இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கவும் ஒரு வண்டி தேடுகிறேன். ஒரு கோடியே பத்து லட்சம் வரை கொடுக்க இயலும். மூன்று வண்டிகளைக் குறித்து வைத்திருக்கிறேன். ஒன்று, 2009 லம்போர்கினி கல்லார்டோ எல்பி560-4, இ-கியர், புதுச்சேரிப் பதிவு, 11,000 கி.மீ. மட்டுமே ஓடியது. இரண்டாவது, 2013 பதிவு கொண்ட ஆடி ஆர்8 வி10, 31,000 கி.மீ. மூன்றாவது, 2014 போர்ஷே 911 கரேரா எஸ், பிடிகே (இரட்டைக் கிளட்ச்) கியர்பாக்ஸ், 46,000 கி.மீ., இரண்டு கை மாறியது.

குறைவாக ஓடியது என்பதால் மனம் கல்லார்டோவின் பக்கமே சாய்கிறது. வாங்கும் விலையைப் பேசி முடிப்பது என் பாடு. வாங்கிய பிறகு ஆண்டுக்கு எவ்வளவு ஆகும், எந்த வண்டி நடுவழியில் நிறுத்தும் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

அம்பத்தூர் பட்டறை

ஐயா, 11,000 கி.மீ. என்ற எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். 2009இல் பிறந்த வண்டி இத்தனை ஆண்டுகளில் அவ்வளவுதான் ஓடியிருக்கிறது என்றால், பெரும்பாலான காலம் உறை போர்த்தி மூலையில் நின்றிருக்கிறது என்று பொருள். சென்னை வெயிலிலும் ஈரக்காற்றிலும் நிற்கும் வண்டியில் குளிரூட்டும் நீர் ஓடும் ரப்பர் குழாய்கள் உப்பும், ஆயில் சீல்கள் காய்ந்து கசியும், பிரேக் எண்ணெய் நீர் கோத்துவிடும், டயரின் பக்கவாட்டில் மயிரிழை வெடிப்புகள் தோன்றும். டயர் விளிம்பில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கங்களைப் பாருங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. டயரின் வரிப்பள்ளங்கள் தேயாமல் இருந்தாலும் பத்தாண்டு பழைய டயரில் யாரும் பந்தயத் தடத்துக்குப் போகக் கூடாது.

அடுத்தது கியர்பாக்ஸ். கல்லார்டோவையும் ஆர்8-ஐயும் ஒப்பிடும்போது முதலில் பார்க்க வேண்டியது என்ஜின் அல்ல. கல்லார்டோவின் 5.2 லிட்டர் வி10-உம் ஆர்8-இன் வி10-உம் ஒரே குடும்பம், இரண்டும் உறுதியானவை. ஆனால் 2013இல் உற்பத்தி முடியும் வரையிலும் கல்லார்டோவுக்கு இரட்டைக் கிளட்ச் (ஒன்று கியரைப் பிடித்திருக்கும்போதே மற்றது அடுத்த கியரைத் தயாராக வைத்திருக்கும் வகை) வரவே இல்லை. இ-கியர் என்பது சாதாரண ஒற்றைக் கிளட்ச்சை ஹைட்ராலிக் பம்ப் மூலம் கணினி மிதித்து எடுக்கும் ஏற்பாடு. நெடுஞ்சாலையில் அது ஒரு தொல்லையும் தராது. கத்திப்பாராவிலிருந்து கிண்டி வரை ஊர்ந்து போகும்போது கணினி கிளட்ச்சைப் பாதி பிடித்துப் பாதி விட்டுக்கொண்டே இருக்கும்; தேய்வது அங்கேதான். பழக்கமில்லாதவர் கையில் 10,000 கி.மீ.க்குள் கிளட்ச் முடிந்துபோன வண்டிகள் உண்டு. பழகியவர் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு ஓட்டுவார். எனவே கிளட்ச்சில் எத்தனை சதவீதம் மிச்சம் என்பதை ஸ்கேன் கருவியில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால், கிளட்ச் செலவை விலையில் கழித்துக்கொண்டுதான் பேச வேண்டும்.

ஆர்8-இல் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அதிலும் முதலில் ஆர்-டிரானிக் என்ற ஒற்றைக் கிளட்ச்சுதான் இருந்தது. 2013 மாதிரிக்காக முகம் மாற்றியபோதுதான் எஸ்-டிரானிக் என்ற இரட்டைக் கிளட்ச் வந்தது. 2013இல் பதிவான வண்டி 2012இல் செய்யப்பட்டதாகவும் இருக்கலாம். கண்டுபிடிப்பது எளிது: ஆர்-டிரானிக்கில் ஆறு கியர், எஸ்-டிரானிக்கில் ஏழு. ஓட்டிப் பார்க்கும்போது மேலே எதுவரை ஏறுகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

மந்தைவெளி மோகன்

இவற்றுக்குப் பதிலாகப் புது பிஎம்டபிள்யூ எம்2 வாங்கி, உத்தரவாதத்தோடு நிம்மதியாக இருக்கலாமே?

கீழ்ப்பாக்கம்வாசி

இருக்கலாம். ஆனால் கேள்வி அதுவல்ல, நண்பரே.

அடையாறு 911

நான் 2010 மாதிரி 911 கரேரா எஸ் வைத்திருக்கிறேன்; 911-இல் 997 என்ற தலைமுறை அது. போர்ஷே பற்றிக் கேட்பவர்களிடம் முதலில் ஆண்டைத்தான் சொல்வேன். முந்தைய தலைமுறையான 996-இலும் 997-இன் முதல் பாதியிலும் என்ஜினுக்குள் இடைநிலைத் தண்டு ஒன்று உண்டு. அதன் பேரிங் உடைந்தால் என்ஜினே போயிற்று. 2001 முதல் 2005 வரை செய்யப்பட்ட வண்டிகளுக்காக அமெரிக்காவில் வழக்கு நடந்து சமரசத்தில் முடிந்தது. அதே காலத்து டர்போ, ஜிடி3 ஆகியவற்றில் வேறு என்ஜின் என்பதால் அந்தத் தொல்லை இல்லை. 2009 மாதிரியிலிருந்து கரேராவுக்கும் புது என்ஜின் வந்து, அந்தத் தண்டே நீக்கப்பட்டது. நீங்கள் பார்க்கும் 2014 வண்டிக்கு இந்தக் கவலை தேவையில்லை. சிலிண்டர் சுவரில் கீறல் விழுவது வேறு பிரச்சினை. பழைய வண்டிகளில் அதிகம் கேள்விப்படுவது அது. இரட்டைப் புகைக்குழாய்களில் ஒரு பக்கம் மட்டும் கரி அப்பியிருந்தால் சந்தேகப்பட்டு, ஸ்பார்க் பிளக் துளை வழியாகச் சிறு கேமராவை உள்ளே விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

செலவு என்று பார்த்தால், இந்த வண்டி ஆண்டுதோறும் சிறிதாகவும் எப்போதாவது ஒருமுறை பெரிதாகவும் கேட்கும். ஆண்டுக்கு ஒருமுறை என்ஜின் ஆயில், அதுவும் சாதாரணக் காரைப் போல இரு மடங்கு அளவு. இரண்டாண்டுக்கு ஒருமுறை பிரேக் எண்ணெய். நான்காண்டுக்கு ஒருமுறை ஸ்பார்க் பிளக். இவையெல்லாம் தெரிந்த செலவு. நீர்ப் பம்பு கசிவதும் ஏசி கண்டன்சர் ஓட்டையாவதும் தெரியாத செலவு. 911-இல் ரேடியேட்டரும் கண்டன்சரும் முன் பம்பரின் இரு ஓரங்களிலும் தரையோடு தாழ்ந்து இருக்கின்றன. எங்கள் தெருவில் வரிசையாக வேப்பமரங்கள். பம்பரைக் கழற்றினால் அந்தக் குழிவில் சருகும் வேப்பம்பூவும் மணலும் மழை ஈரத்தில் ஊறி, கருப்புச் சாணம்போல் கண்டன்சரின் மீது படிந்திருக்கும். அந்த ஈரமும் கடற்காற்றின் உப்பும் சேர்ந்து அலுமினியத்தை அரித்துவிடுகின்றன. மழைக்காலம் முடிந்ததும் பம்பரைக் கழற்றித் துப்புரவு செய்வதை நான் வழக்கமாக்கிக்கொண்டேன். அதற்குச் சில ஆயிரம்தான் கூலி, கண்டன்சருக்கோ அதைப் போலப் பல மடங்கு.

தி.நகர் வி10

பட்டறைக்காரர் சொல்வதைக் கேட்டால் கல்லார்டோ வாங்குவதே பாவம் போலத் தோன்றும். என்னிடம் ஒன்று இருக்கிறது. என்னை ஒருமுறைகூட நடுவழியில் நிறுத்தியதில்லை. இ-கியரை ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். சிக்னலில் நியூட்ரலுக்குப் போய்விட வேண்டும். ஊர்ந்து போகாமல் முன்னால் இடம் விட்டு, ஒரே எடுப்பில் நகர வேண்டும். மிக முக்கியமாக, அடுக்ககத்தின் தரைக்கீழ் நிறுத்துமிடத்திலிருந்து சரிவில் பின்னோக்கி ஏற்றக் கூடாது. ஒரு மாதம் அப்படிச் செய்தால் கிளட்ச்சின் ஓராண்டு ஆயுள் போய்விடும்.

இன்னொன்றும் சொல்கிறேன். கல்லார்டோ மொத்தமே 14,022 செய்யப்பட்டு நின்றுவிட்டது. நல்ல கல்லார்டோ இனி மலிவாகக் கிடைக்காது. ஐந்தாண்டு கழித்து விற்கும்போது 911-இல் இழக்கும் தொகையைக் கணக்கில் எடுத்தால், என் கிளட்ச் செலவு ஒன்றுமே இல்லை.

அம்பத்தூர் பட்டறை

அண்ணா, உங்களைப் போல் ஓட்டுபவர் விற்கும் வண்டி என்றால் நானே வாங்கச் சொல்வேன். விலை நிற்கும் என்பதும் மெய்தான். ஆனால் அது சேவைப் பதிவேடு முழுதாக உள்ள, அடிபடாத, காகிதம் சுத்தமான வண்டிக்கு மட்டுமே. இவை மூன்றும் இல்லாத கல்லார்டோவை விற்பதற்கு நீங்கள் எத்தனை மாதம் காத்திருப்பீர்கள்?

உதிரிபாகத்தின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் புதிதாக வருபவர்கள் சறுக்குவது இங்கேதான். வண்டியின் விலை மூன்றில் ஒன்றாக இறங்கினாலும் அதன் பாகத்தின் விலை இறங்குவதில்லை. புதிதாக மூன்று கோடி விற்ற வண்டிக்கு என்ன விலையோ அதேதான். அதன்மேல் விமானச் சரக்குக் கட்டணம், சுங்கம், சரக்கு சேவை வரி. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கான வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது சற்றே ஆறுதல். ஆனாலும் ஒரு சின்ன சென்சாரை ஜெர்மனியிலிருந்து வரவழைத்தால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று ஆகிவிடும். ஆர்8-க்கும் 911-க்கும் உள்ள வசதி இதுதான்: அவற்றின் பல பாகங்கள் அதே குழுமத்தின் சாதாரண வண்டிகளிலும் இருப்பதால், பாக எண்ணைத் தேடினால் அதே பொருள் ஆடிப் பெட்டியில் மலிவாகக் கிடைக்கும். கல்லார்டோவிலும் என்ஜின் பக்கம் இப்படிச் சில உண்டு. கண்ணாடி, விளக்கு, உடல் தகடு என்று போனால் பெட்டியின் மேல் லம்போர்கினியின் காளை முத்திரைதான்.

பிரேக் பற்றியும் ஒரு வார்த்தை. 911-இல் காலிப்பர் (பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) மஞ்சள் நிறமாக இருந்தால் அது செராமிக் பிரேக். கேட்க நன்றாக இருக்கும்; தட்டு மாற்றும் நாளில் லட்சங்களில் பேச வேண்டியிருக்கும். ஞாயிறு காலைப் பயணத்துக்கு இரும்புத் தட்டே போதும். சிலர் அழகுக்காக மஞ்சள் சாயம் பூசியிருப்பார்கள், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆவணம் முக்கியம்

எல்லோரும் என்ஜினையே பார்க்கிறீர்கள். நான் காகிதத்தைப் பார்க்கிறேன். கல்லார்டோ புதுச்சேரிப் பதிவு என்று படித்தேன். வேறு மாநிலப் பதிவு கொண்ட வண்டியைப் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்தாக வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவு. அப்போது தமிழ்நாட்டின் ஆயுள் வரி கட்ட வேண்டும். 2023 நவம்பரில் மாற்றிய விகிதப்படி 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதிய காருக்கு 20 சதவீதம். பழைய வண்டிக்கு வயதைப் பொறுத்து விகிதம் குறையும். ஆனால் கணக்கு தொடங்குவது நீங்கள் இன்று கொடுக்கும் விலையிலிருந்து அல்ல, வண்டி புதிதாக இருந்தபோதைய விலையிலிருந்து. விற்பவர் ‘பெயர் மாற்றம் மட்டும்தான், ஐயா’ என்று இழுத்தால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நீங்களே கேட்டுத் தொகையை உறுதிசெய்த பிறகு முன்பணம் கொடுங்கள்.

மேலும், 2009 வண்டி பதினைந்தாண்டைத் தாண்டிவிட்டது. பதிவைப் புதுப்பித்திருக்கிறார்களா? இறக்குமதிக் காருக்கு 2022 ஏப்ரல் முதல் அந்தக் கட்டணமே 40,000 ரூபாய்; இருபதாண்டைத் தாண்டினால் 2025 ஆகஸ்ட் அறிவிப்பின்படி 80,000. வண்டியின் விலையோடு ஒப்பிட்டால் சிறிய தொகைதான், ஆனால் தகுதிச் சோதனைக்கு வண்டியைக் கொண்டு நிறுத்த வேண்டும்.

2017க்கு முன் இறக்குமதியான வண்டி என்றால் நுழைவு வரி கட்டிய ரசீதையும் கேளுங்கள். சரக்கு சேவை வரி வந்தபோது அந்த வரி போய்விட்டது. பழைய பாக்கி போகவில்லை. 2012இல் இறக்குமதியான ரோல்ஸ் ராய்ஸ் ஒன்றின் நுழைவு வரி வழக்கு 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் எவ்வளவு பேசப்பட்டது என்பது நினைவிருக்கும். சுங்க ரசீது இல்லாத வண்டியைத் தொடவே வேண்டாம். வெளிநாட்டில் ஓடிய பழைய காரை இங்கே கொண்டுவர வேண்டுமானால் அது மூன்றாண்டுக்கு மேற்படாததாகவும், வலப்பக்க ஸ்டியரிங் கொண்டதாகவும், மும்பைத் துறைமுகம் வழியாக வந்ததாகவும் இருக்க வேண்டும். வண்டி செய்யப்பட்ட ஆண்டுக்கும் இந்தியாவில் முதலில் பதிவான ஆண்டுக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தால், அங்கே ஒரு கதை இருக்கிறது.

காப்பீட்டில், ஐந்தாண்டு கடந்த வண்டிக்கு மதிப்பீட்டுத் தொகையை நீங்களும் நிறுவனமும் பேசித்தான் முடிவுசெய்கிறீர்கள். குறைவாகப் போட்டுப் பிரீமியத்தை மிச்சப்படுத்தாதீர்கள். தேய்மானமில்லாத் திட்டம் இந்த வயது வண்டிக்குக் கிடைப்பது அரிது. அது இல்லையென்றால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதிப் பணம்தான் வரும். இந்த வண்டிகளின் முன் பம்பர் முழுவதுமே பிளாஸ்டிக்.

பெசன்ட் நகர் வாசகி

என் கணவர் ஒரு மசெராட்டி கிரான்டூரிஸ்மோவைக் காட்டி, ஃபெராரி என்ஜின், பாதி விலை என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அதை யாரும் பேசவில்லையே?

அம்பத்தூர் பட்டறை

அம்மா, அவர் சொல்வது சரிதான். அந்த வி8 என்ஜின் இத்தாலியின் மரனெல்லோவில் ஃபெராரியே செய்தது. ஃபெராரி எஃப்430-இல் உள்ளதும் அதே குடும்பம். டைமிங்குக்குப் பெல்ட் இல்லாமல் செயின் என்பதால், பழைய ஃபெராரி எஃப்355-இல் போலப் பெல்ட் மாற்ற என்ஜினையே இறக்கும் செலவு இல்லை. கியர்பாக்ஸ் சாதாரண ஆட்டோமேட்டிக் (டார்க் கன்வர்ட்டர்) வகையாக இருந்தால் நம் போக்குவரத்து நெரிசலுக்கு மூன்று வண்டிகளையும்விட அதுவே பொருத்தம். ஆனால் உட்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். அந்தக் காலத்து ஃபெராரி, மசெராட்டி இரண்டிலும் பொத்தான்கள்மீது மெத்தென்ற பூச்சு ஒன்று பூசியிருப்பார்கள். நம் ஊர் வெப்பத்தில் அது இளகிப் பலாப்பிசின்போல் விரலில் ஒட்டும். துடைத்தால் எழுத்தும் சேர்ந்து வரும். ஓட்டத்துக்குக் கெடுதலில்லை, ஆனால் ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றிச் சுரண்டி மறுபூச்சு பூச வேண்டும். எஃப்430 பார்ப்பவர்கள் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் (என்ஜினிலிருந்து புகையை வெளியே எடுக்கும் குழாய்த் தொகுதியில்) விரிசல் உண்டா என்பதையும் பார்க்க வேண்டும். முற்றவிட்டால் உடைந்த துணுக்கு என்ஜினுக்குள்ளேயே போகும்.

ஃபெராரியானாலும் மசெராட்டியானாலும் பெரிய வேலை வந்தால் வண்டியை ஃப்ளாட்பெட் லாரியில் வெளியூர் அனுப்பத் தயாராக இருக்க வேண்டும். போர்ஷேவுக்கும் ஆடிக்கும் சென்னையிலேயே சேவை மையம் இருக்கிறது என்பதை வீட்டில் எடுத்துச் சொல்லுங்கள்.

வேளச்சேரி வெள்ளம்

மழையை யாரும் சொல்லவில்லை. 2024 அக்டோபரில் எங்கள் பகுதிக்காரர்கள் கார்களை மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தியதை ஊரே பார்த்தது. தரையிலிருந்து நான்கு விரற்கடை உயரமுள்ள வண்டியைத் தரைக்கீழ் நிறுத்துமிடத்தில் வைப்பவர்கள், நீர் புகுந்த என்ஜினைச் சாவி போட்டுக் கிளப்பியதால் வரும் சேதத்தைச் சாதாரணக் காப்பீடு ஏற்காது என்பதை அறிந்திருக்க வேண்டும். அதற்குத் தனியாக என்ஜின் பாதுகாப்புச் சேர்க்கை உண்டு. வாங்கும்போது சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். 2015லோ 2023லோ நீரில் நின்ற வண்டியென்றால், எவ்வளவு கழுவியிருந்தாலும் பெல்ட்டின் அடிமுனையில் சேற்றுக் கோடு தெரியும்.

எலியையும் மறந்துவிடாதீர்கள். நிறுத்தியே வைக்கும் வண்டியின் ஒயரிங் எலிக்கு விருந்து. என்ஜின் பக்கம் புகையிலை கட்டித் தொங்கவிடுவது இத்தாலிய வண்டிக்கு அழகில்லை என்றாலும் வேலை செய்கிறது.

அடையாறு 911

பெட்ரோலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். பழைய குழாய்களும் சீல்களும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. மாதக்கணக்கில் நிறுத்திவைத்த தொட்டியில் அது கிடப்பதை நான் விரும்புவதில்லை. ஆகவே குறைவாக நிரப்பி, வாரம் ஒருமுறை என்ஜின் முழுச் சூடேறும் வரை ஓட்டுகிறேன். நின்ற இடத்தில் பத்து நிமிடம் ஓடவிடுவது ஓட்டியதாகாது.

கீழ்ப்பாக்கம்வாசி

அனைவருக்கும் நன்றி. மூன்று வண்டிகளையும் நேரில் பார்த்தேன். ஆர்8 ஆறாவது கியருக்கு மேல் ஏறவில்லை. விற்பவருக்கே அந்த வேறுபாடு தெரியவில்லை. கல்லார்டோக்காரர் கிளட்ச் அளவை எடுக்க ஒப்புக்கொள்ளவில்லை. முன் டயர்கள் 2014ஆம் ஆண்டினுடையவை, பதிவுப் புதுப்பிப்பு ‘நடந்துகொண்டிருக்கிறது’ என்கிறார். 911-க்குச் சேவைப் பதிவேடு முழுமையாக இருக்கிறது, காலிப்பர் சிவப்பு. கணினியிலிருந்து எடுத்த அறிக்கையில் என்ஜின் ஓடிய நேரம் சுமார் 1,900 மணி என்று இருக்கிறது. இதை எப்படிப் படிக்க வேண்டும்? முதலாண்டுக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும்?

அம்பத்தூர் பட்டறை

ஓடிய தூரத்தை நேரத்தால் வகுத்துப் பாருங்கள். 46,000-ஐ 1,900-ஆல் வகுத்தால் மணிக்குச் சராசரி 24 கி.மீ. நகரில் ஓடிய வண்டிக்கு அது இயல்பு. மீட்டரை வெகுவாகத் திருப்பியிருந்தால் இந்தச் சராசரி இயல்பைவிட மிகவும் கீழே இறங்கியிருக்கும். அதே அறிக்கையில் என்ஜின் வரம்பு மீறிச் சுழன்ற கணக்கு ஆறு படிகளாக இருக்கும். பிடிகே வண்டியில் மேல் படிகள் பூஜ்யமாக இருக்க வேண்டும்.

முதலாண்டுக்கு வாங்கும் விலையில் பத்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வையுங்கள் என்பது என் கருத்து. டயர் நான்கு, எண்ணெய்கள் அனைத்தும், பேட்டரி, நீர்ப் பம்பு, கண்டன்சர் என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டால் இரண்டாம் ஆண்டிலிருந்து செலவு பாதிக்கும் கீழே வந்துவிடும். பேட்டரிக்கு ஒரு பராமரிப்பு சார்ஜர் வாங்கி, நிறுத்துமிடத்தில் பிளக் பாயின்ட் போட உங்கள் அடுக்ககச் சங்கத்திடம் இப்போதே அனுமதி கேட்டு வையுங்கள். அதுதான் எல்லாவற்றையும்விட நாளாகும்.

தி.நகர் வி10

911 நல்ல வண்டிதான், மறுக்கவில்லை. வாங்கிய பிறகு ஒரு ஞாயிறு என் வண்டியையும் ஓட்டிப் பாருங்கள், நண்பரே. அப்புறம் பேசுவோம்.

கீழ்ப்பாக்கம்வாசி

கட்டாயம். ஐயா, வியாழக்கிழமை 911-ஐ உங்கள் பட்டறைக்குக் கொண்டுவர விற்பவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். காலை பத்து மணிக்கு வரலாமா?

அம்பத்தூர் பட்டறை

கொண்டுவர வேண்டாம், நான் அங்கே வருகிறேன். முதல்நாள் இரவிலிருந்து வண்டியைக் கிளப்பக் கூடாது என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். நான் வந்ததும் புகைக்குழாயில் கை வைத்துப் பார்ப்பேன். சூடாக இருந்தால் அன்றைக்குப் பார்க்க மாட்டேன், வேறொரு நாள் வருவேன். குளிர்ந்த என்ஜின் முதல் நிமிடத்தில் எழுப்பும் சத்தத்தைக் கேட்ட பிறகு பட்டறைக்கு எடுத்துச் சென்று லிஃப்டில் ஏற்றலாம். கேமராவும் பழைய பெட்ஷீட் ஒன்றும் எடுத்து வருகிறேன். கீழே படுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.